அனுப்பியாயிற்று

ஒரு பல் மருத்துவமனையின் இணையதளத்தை ஒற்றை ஆளாகக் கவனித்துவந்தாள் அவள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் டைமர், மறுநாள் வரவேண்டியவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பும். ஆளுக்கு ஒன்று போகவேண்டியது, நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைப் பிடித்தாள். நோயாளியின் விவரங்களைச் சேமிக்கும்போது ‘அனுப்பியாயிற்று’ என்ற குறிப்பு மட்டும் விடுபட்டுப்போனதால், டைமர் ஓடும்போதெல்லாம் மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு வரி சேர்த்துச் சரிசெய்தாள்.

அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. டாக்டர் கூப்பிட்டார்.

“முன்னாடி தொல்லை தாங்காமயாவது வந்தாங்கம்மா. பழையபடி ஆக்கிடுங்க.”

“அது தப்பா ஓடிட்டிருந்தது, டாக்டர்.”

“தப்போ சரியோ, நாற்காலி காலியா கெடக்கே!”

அரைமனதோடு அந்த வரியை நீக்கினாள். ஐந்து வருட வேலையில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதற்குத்தான்.