தட்டிப் பார்த்து வாங்கிய பட்டை ரம்பம்

எங்கள் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்பது தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துக்கே தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான். ரயில் யார்டில் சக்கரம் தட்டிப் பார்ப்பது அவருடைய வேலை. துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி வந்து நின்றதும் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலோடு இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே நடப்பார். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். விரிசல் விட்ட இரும்பு டொக் என்று செத்த குரலில் சொல்லும். அந்தப் பெட்டியைக் கழற்றி ஓரம் கட்டிவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை. கடைசியில் ஒரு ரயில்வே டாக்டர், காதைச் சோதிக்க அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பேர் கேட்டார், ஊர் கேட்டார். இவர் சுவரைப் பார்த்தபடி சும்மா நின்றார். வேலை போய்விட்டது.

"அந்த டாக்டரு வாய்க்குள்ள பேசிக்கினு கீறாம்மே. என் காதுக்கு இன்னா கொறச்சல்?" என்று வீட்டுக்கு வந்து குதித்தார்.

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "ஆமாய்யா, உன் காது தங்கக் காது" என்றேன். என் உதடு தெரியாததால் அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் மாட்டுவண்டியில் அந்தப் பட்டை ரம்பம் வந்து இறங்கியது. சண்டைக் காலத்தில் ராணுவத்தார் வைத்திருந்து ஏலத்தில் தள்ளிவிட்டதாம். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சட்டம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி ஓட வேண்டிய ரம்பப் பட்டை துண்டு துண்டாக ஒரு சாக்கில். மேல் சக்கரத்தில் மட்டும் பச்சைப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. மற்றதெல்லாம் துரு. பெட்டியிலிருந்து காணாமல் போன என் வளையல் எங்கே போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

"இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறே?"

"குதிரவண்டிச் சக்கரத்து விளிம்புக்கு வளைவா மரவட்டை அறுத்துத் தருவேன். கையால அறுத்தா நாள் பூரா ஆவும், இதுல வெண்ணெ மாதிரி போவும். சும்மா வாங்கலமே, தட்டிப் பாத்து வாங்கினேன்!"

இந்தக் கடைசிப் பேச்சைச் சந்து முழுக்கச் சொன்னார். டீக்கடையில் சொன்னார், யார்டு ஆட்களை வழிமறித்துச் சொன்னார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ரம்பம் ஓடினால் அடுப்பில் உலை வைக்கலாம் என்பது என் கணக்கு. அவர் கணக்கு வேறு. ரம்பம் ஓடினால் அவர் காது நல்ல காது, டாக்டர் சொன்னது பொய். அதற்காகத்தான் அந்த மனிதர் காலையில் எழுந்தார். அது ஓட வேண்டுமே என்று நானும் வேண்டிக்கொண்டேன், ஆனால் நம்பவில்லை.

ஒற்றை அறை வீட்டில் பாதியை அது பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய் ஊற்றி உப்புத்தாளால் தேய்ப்பார், இரும்பு கண்ணாடியாக மின்னும். ராத்திரி முழுக்கக் கடல் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும், விடிந்தால் திரும்பவும் செம்மண் நிறம். விளக்கெண்ணெய் பூசிவைக்கச் சொல்லி யாரோ யோசனை சொன்னார்கள். என் தலை வறண்டு கிடந்தது, அதற்கு மட்டும் எண்ணெய்க் குளியல். அச்சு சுழல்கிற இடத்தில் தேய்ந்துபோன ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வார்க்க வேண்டும் என்று சோறு பொங்குகிற அடுப்பில் ஈயத்தைக் காய்ச்சினார். முதல் வார்ப்பு கோணிக்கொண்டது. அடுத்தது ஓட்டையும் சொட்டையுமாக வந்தது. அன்றைக்கெல்லாம் வீட்டில் பழைய சோறுதான். ஒன்றைச் சரிசெய்து நிமிர்ந்தால் இன்னொன்று பல்லை இளிக்கும். பச்சைப் பெயிண்ட் சக்கரம் ஒன்றுதான் அவருக்கு வேலை வைக்கவில்லை. "அதைத் தொடவே வேணாம், புதுசாட்டம் கீது" என்று துணி சுற்றி மூலையில் வைத்திருந்தார்.

ஓட்டுவதற்கு எங்கள் வீட்டில் கரண்ட் ஏது? சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில். மில் வைத்திருந்த பாய் தங்கமான மனிதர்; மாவு அரைக்காத நேரத்தில் சுவரில் ஓட்டை போட்டு மில் எஞ்சினிலிருந்து பெல்ட் இழுத்துக்கொள்ளச் சொன்னார். ஓட்டை போட்ட நாளிலிருந்து அங்கே மிளகாய் அரைத்தால் இங்கே நான் தும்முவேன். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஒருவழியாக இரண்டு சக்கரமும் அச்சில் ஏறின. விளிம்பில் ரப்பர் மாட்டி, துண்டுகளைப் பற்றவைத்து முழுசாக்கிய பட்டையைச் சுற்றினால் தீர்ந்தது. ரப்பர் மாட்டிவிட்டால் இரும்பின் குரல் அடங்கிப்போகும், அதனால் அதற்கு முன்னால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட வேண்டும் என்றார். யார்டில் பழுது பார்த்த சக்கரத்தைத் தட்டாமல் நகர விடமாட்டார்களாம். பாய் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எங்கள் வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து சுத்தியலை எடுத்தார். யார்டில் நின்ற மாதிரியே, தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றார்.

கீழ்ச் சக்கரத்தைத் தட்டினார். கணீர் என்றது.

மேல் சக்கரத்தைத் தட்டினார். டொக்.

பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்க்காத பொம்பளை உண்டா? கீறல் விட்ட பானையின் சத்தம் எனக்குத் தெரியாதா? பாயும் என்னைப் பார்த்தார். அவருக்கும் கேட்டுவிட்டது.

"கேட்டியாமே? ரெண்டும் எப்பிடிப் பாடுது பாரு!" என்றார் இவர். அப்படியொரு சிரிப்பை அவர் முகத்தில் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சொன்னால் அவர் காது போகும். சொல்லாவிட்டால் ஓடுகிற வேகத்தில் சக்கரம் சிதறி ஆளே போவார்.

கத்தியை எடுத்துப் பச்சைப் பெயிண்டைச் சுரண்டினேன். விரிசல் தெரியாமல் உள்ளே அடைத்துப் பூசியிருந்த லப்பம் கட்டி கட்டியாக உதிர்ந்தது. சக்கரத்தின் நடுக் குடத்திலிருந்து ஒரு ஆரக்கால் வழியாக விளிம்பு வரைக்கும், நகம் நுழைகிற விரிசல்.

அதில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கீழ்ச் சக்கரத்தை ஓங்கித் தட்டி, "இது இன்னா சொல்லுது?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

"கணீருன்னுது."

மேலே தட்டினார். "இது?"

"டொக்குன்னுது."

திரும்பவும் தட்டினார், மாற்றி மாற்றித் தட்டினார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கீது" என்றார்.

பாய் அவர் தோளைப் பிடித்து, "வுடு நைனா, வேற சக்கரம் கெடைக்கும்" என்றார். நானும் ரம்பத்துக்காகத்தான் அவர் முகம் அப்படி வெளுத்தது என்று நினைத்துவிட்டேன்.

"அப்போ கடைசியா நான் தட்டித் தட்டி அனுப்பி வெச்ச வண்டிங்க?" என்றார். "அதெல்லாம் ஊரு போயி சேந்துச்சா?"

"எல்லாம் சேந்துச்சுய்யா!" என்று கத்தினேன். எனக்கு என்ன தெரியும்? எந்த வண்டி எங்கே போயிற்று என்று என்னிடம் யார் வந்து சொன்னார்கள்? இருந்தாலும் திரும்பத் திரும்ப, தொண்டை கிழியக் கத்தினேன். மில்லுக்கு வந்திருந்தவர்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள்.

வேலை போன பிறகும்கூட, ஒருவர் பேசியது காதில் விழவில்லை என்று இன்னொருவரிடம் அவர் கேட்டதில்லை. அன்றைக்குச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பாய் பக்கம் திரும்பி, "இவ இன்னா சொல்றா?" என்று கேட்டார்.