மாமனார் வீட்டு மான்

போன ஞாயிற்றுக்கிழமை, போடியில் என் மாமனார் வீட்டு மானின் இடது காது கழன்று விழுந்தது.

பதறாதீர்கள். மானுக்கு உயிர் போய் ரொம்பக் காலமாயிற்று. பாடம் செய்து ஹால் சுவரில் மாட்டிய புள்ளிமான் தலை. மாமனாரின் அப்பா மேகமலையில் ஒரே குண்டில் சுட்டது... குடும்ப வரலாறு அப்படித்தான் சொல்கிறது.

இப்படி ஒரு தலையை வீட்டில் வைத்திருக்க வனத்துறை சர்ட்டிபிகேட் வேண்டும். மாமனாரிடம் இல்லை. மீட்டர் ரீடிங் எடுப்பவர் காக்கி பேன்ட்டில் வந்தால்கூட, ஓடிப்போய் மான் மேல் துண்டைப் போர்த்திவிடுவார்.

"மாப்ள, நம்பிக்கையான ஆளாப் பாத்து ஒட்டச் சொல்லுங்க" என்றார்.

நம்பிக்கையான ஆள் என்றால் யார்? காதை ஒழுங்காக ஒட்டுகிறவரா, வாயைத் திறக்காதவரா?

விசாரித்ததில் கம்பம் ஊரில் ஒருவரின் நம்பர் கிடைத்தது. பேசினேன்.

"பழசப் போயி எதுக்கு சார் ரிப்பேரு? புதுசா ஒண்ணு ஏற்பாடு பண்ணுவமா?"

போனை வைத்துவிட்டேன். அந்த நம்பரையும் அழித்துவிட்டேன்.

அப்புறம்தான் பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஜெயராஜ் அண்ணன் ஞாபகம் வந்தது. காலேஜ் விலங்கியல் லேபுக்குக் கோழி, புறாவையெல்லாம் பாடம் செய்து கொடுத்து ரிட்டயர் ஆனவர்.

"மானா? நான் தொட மாட்டேன் தம்பி. வனத்துறை ஆபீஸ்ல ஒப்படைச்சிருங்க."

ஆகா, இவரல்லவா நம்பிக்கையான ஆள்! "அதை நீங்களே மாமாகிட்ட சொல்லுங்கண்ணே" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காது விழுந்த இடத்தை உற்றுப் பார்த்தார். தொட மாட்டேன் என்றவர், கொம்பை நகத்தால் சுரண்டினார். மறுபடி சுரண்டினார்...

"ஐயா, கோவிச்சுக்காதீக. இது மான் இல்ல. வெள்ளாட்டுத் தோலு. புள்ளியெல்லாம் பெயின்ட். கொம்பு மரத்துல செஞ்சது."

மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "அப்ப இவுக ஜெயிலுக்குப் போக வேணாமா? என் வயித்துல பால வாத்தீகய்யா!"

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இதற்கு ஜெயிலே தேவலை என்பது போல ஒரு முகம். "எங்க அய்யா பொய் சொல்ல மாட்டாக..." அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

ஜெயராஜ் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அவுக சுட்டது நெசம் மான்தான்யா. பாடம் பண்ணக் குடுத்த எடத்துல எவனோ தலைய மாத்திட்டான். அவுகளுக்கு நம்பிக்கையான ஆளு அமையல, அம்புட்டுத்தான்."

மாமனார் மெல்ல நிமிர்ந்தார். "எனக்கும் அந்தாளு மேல ஒரு சந்தேகம்தான் மாப்ள!"

எந்த ஆள் மேல் — நான் கேட்கவில்லை. வெள்ளாடுதானே என்று ஜெயராஜ் அண்ணனே காதை ஒட்டினார்; பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும்போது பைக்கில் கேட்டேன். "அவர் சுட்டது நிஜ மான்தான்னு எப்படிண்ணே தெரியும்?"

"நான் என்ன கூடப் போயா பாத்தேன்? ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு உண்மை போதும் தம்பி!"