விற்பனைக்கு அல்லாத ஐந்தாம் புத்தகம்

ஐப்பசி இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. தஞ்சாவூர் சந்திப்பில் ரயில் நின்றபோது காலை ஐந்தரை இருக்கும். எழும்பூரில் ஏறியதிலிருந்து நான் படுக்கவே இல்லை. விழுப்புரம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் எழுந்துபோய்க் கதவருகே நின்றேன். எதிர்ப் படுக்கைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், ஊரு வந்தா அதுவா நிக்கும், படுங்க" என்றார். எழுபத்தொன்பது வயதில் இப்படி அலைவது ஒரு சித்திரக்கதைப் புத்தகத்துக்காக என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

தமிழ்நாட்டில் பழைய காமிக்ஸ் தேடுகிறவர்கள் நிறைய. அவர்கள் தேடுபவற்றில் துப்பாக்கியும் குதிரையும் இருக்கும். நான் தேடியது வேறு வகை. எண்பதுகளின் தொடக்கத்தில், வயலில் வேலை செய்பவர்களுக்கு நடந்த இரவுப் பள்ளிகளுக்காக அச்சடித்த படக்கதைகள் அவை. அகர வரிசை முடித்தவர்கள் படித்துப் பழகுவதற்கு. பதினாறு பக்கம், இரண்டு வண்ணம், பெரிய எழுத்து. ஒரு கட்டத்துக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் கூடாது. பின்னட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று இருக்கும். மொத்தம் பன்னிரண்டு வந்தன. படம் போட்டவர் தனராஜ் என்ற பள்ளி ஓவிய ஆசிரியர். அவர் இப்போது இல்லை. கதை எழுதியவன் நான், அந்தப் பள்ளிகளைக் கவனித்துவந்த அலுவலர்.

திருவாரூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் ஒரு பெண் என்னைத் தேடிப் பிடித்தார். பன்னிரண்டையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டுமாம். என்னிடம் சிலது இருந்தன, அவர் சிலது சேர்த்தார். பதினொன்று தேறிவிட்டது. கிடைக்காதது ஐந்தாம் எண். அது கிடைக்கவே கூடாது என்று நான் உள்ளூர நினைத்துக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை. முந்தின நாள் மதியம் தஞ்சாவூர்ப் பழைய பேப்பர் கடைக்காரர் போனில், "அஞ்சுன்னு போட்டது ஒண்ணு வந்திருக்கு சார்" என்றார். அன்றிரவே கிளம்பிவிட்டேன்.

கடை கீழவாசலில், மீன் அங்காடி போகும் வழியில். ஒன்பது மணிக்குத்தான் திறப்பார் என்று தெரிந்தும் ஏழரைக்கே போய் எதிரில் நின்றேன். இரண்டு காபி ஆயிற்று. கடைக்காரர் வந்து கதவைத் தூக்கியபடியே சிரித்தார். காமிக்ஸ் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் கதை கேட்டு வருவார்கள், நீங்கள் ஒருத்தர்தான் பாடம் கேட்டு வருகிறீர்கள் என்றார். யாரோ ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டைக் காலிசெய்தபோது வந்த கட்டு. விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்ததை அறுபது ரூபாய்க்கு விற்றார்.

அட்டையைப் பார்த்தேன். அதே முகம். ஒடுங்கிய தாடை, நெற்றியில் விழும் முடி, தோளில் மண்வெட்டி. தனராஜ் நன்றாகத்தான் வரைந்திருந்தார்.

மேலே போகுமுன் அந்த முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் எங்கள் இரவுப் பள்ளிக்கு வந்த வீரையன் என்பவருடையது. தனராஜ் எப்போதும் ஆளை நிறுத்தி வைத்துத்தான் வரைவார். அரிக்கேன் வெளிச்சத்தில் அசையாமல் நிற்கிற பொறுமை வீரையனுக்கு இருந்தது. வகுப்பில் முதலில் எழுத்துக்கூட்டாமல் படித்தவரும் அவர்தான். நான் எழுதிய ஐந்தாவது கதையில் ஒருவன், இத்தனை முறை கூப்பிட்டும் படிக்க வராமல், எதிலோ கைநாட்டு வைத்து வீட்டு மனையைப் பறிகொடுக்கிறான். கடைசிக் கட்டத்தில் தெருவில் உட்கார்ந்து கட்டைவிரலைப் பார்த்து அழுகிறான். வகுப்பின் முதல் மாணவருடைய முகத்தை அந்த முட்டாளுக்குக் கொடுத்தோம்.

அச்சுக்கு முன் ஒவ்வொரு கதையையும் ஒரு வகுப்பில் படிக்கவைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். நன்றாகப் படிப்பவர் என்பதால் வீரையன் கையிலேயே கொடுத்தேன். அவர் பிசிறில்லாமல் படித்தார். மற்றவர்கள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். முடித்ததும் தாள்களைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். பிறகு வகுப்புக்கு வரவில்லை. மீசையாவது மாற்றி வரைகிறேன் என்று தனராஜ் கெஞ்சினார். நான் வேண்டாம் என்றேன். 'கற்போர் வாய்விட்டுச் சிரித்தனர். பாடம் மனதில் பதிகிறது' என்று அறிக்கையில் எழுதினேன். அதே கையோடு எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வோடு. வீரையனை நான் பிறகு பார்க்கவே இல்லை.

பத்தரைக்குத் திருவாரூர்ப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்ததும் இறங்கிவிட்டேன். நடத்துனர் ஏதோ சொன்னார். என் வயதைப் பார்த்துப் பாதியில் விழுங்கினார். அடுத்த வரிசையில் ஒரத்தநாட்டு வண்டி நின்றது. இருபத்தைந்து கிலோமீட்டர், இருபத்திரண்டு ரூபாய். வழியெல்லாம் குறுவை அறுவடை. சாலையின் ஒரு பாதியை நெல் எடுத்துக்கொண்டிருந்தது. மறு பாதியில் எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றன. கிழக்கே மேகம் கட்டியிருந்தது. எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

ஒரத்தநாட்டில் ஓர் ஆட்டோ பிடித்து, புதுஆற்றைத் தாண்டி, பன்னிரண்டே கால் வாக்கில் அந்த ஊர்ப் பிரிவில் இறங்கினேன். எனக்கு எதுவுமே அடையாளம் தெரியவில்லை. பள்ளி நடந்த கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கோபுரம். டீக்கடையில் வீரையன் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த வீரையன்? இந்த ஊருல தடுக்கி விழுந்தா வீரையன் மேலதான் விழணும்."

நல்ல உயரம், ஒடுங்கிய முகம், எண்பது வயது இருக்கும் என்றேன். கடைக்காரர் யோசித்தார். பெஞ்சில் இருந்தவர் முந்திக்கொண்டார். "கைநாட்டு வீரையனைக் கேக்குறாருய்யா. அவரு போயிச் சேந்து நாலு வருசம் ஆச்சுங்க. கைநாட்டு வீட்டுல பெரிய பொண்ணுதான் இப்ப பயிர் வச்சுப் பாக்குது. கொள்முதல் நிலையத்துல நெல்லு போட்டுக்கிட்டுக் காவல் கெடக்கு, போங்க."

ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். அது பட்டப்பேருங்க, அந்த வீட்டுக்கே அப்படித்தான், ஏன்னு யாருக்குத் தெரியும், அவருக்குப் படிப்பு வராது போலிருக்கு என்றார். இந்தப் பக்கத்தில் ஒருவருக்கு விழும் பட்டப்பெயர் அவரோடு போகாது. பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் வரப்புக்கும் ஒட்டிக்கொள்ளும். இது எனக்கு அப்போதே தெரியும். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நடந்தேன்.

கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. தூற்றும் இயந்திரத்தின் தூசிக்குள் நாலைந்து சுமைதூக்கிகள் சாக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய் நுனியில் செங்கல் வைத்துக்கொண்டிருந்த ஐம்பது வயதுப் பெண்ணைக் காட்டினார்கள். பெயர் மல்லிகா. தலைத் துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, "வாங்கய்யா, யாரு நீங்க?" என்றார். அதற்குள் ஒரு சுமைதூக்கி, "கைநாட்டு அக்கா, விரல் ரேகை வைக்கக் கூப்புடுறாங்க, போ" என்று குரல் கொடுத்தார்.

"இப்ப கலெக்டரு நெல்லு போட்டாலும் கைநாட்டுதாண்டா. நீ சாக்கை ஒழுங்காப் பிடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வந்தார்.

ஒரு கவிழ்த்த கூடையை எனக்குத் தள்ளினார். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை. அவர் அட்டையைப் பார்த்தபடியே கேட்டார். கடைசியில் நிமிர்ந்து, "எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுங்கய்யா. நீங்க வேற யாரையோ சொல்றீங்க" என்றார்.

அவருக்குத் தெரியும், எல்லாருக்கும் முன்னால் படித்தவர் அவர்தான் என்றேன்.

அவர் நெல்லில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தார். பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பேருந்துப் பலகையை அப்பா படித்ததே கிடையாது, பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்பார். ஆனால் அந்த ஆள் பதில் சொல்லும் முன்பே அப்பா சரியான வண்டிப் பக்கம் நகர்ந்திருப்பார். சிறுபிள்ளையில் மல்லிகா அதை ஏதோ வித்தை என்று நினைத்தாராம்.

"நான் ஒன்பதாவது சேரும்போது ஹெட்மாஸ்டர் பேனாவ நீட்டுனாரு. இவரு கட்டைவெரல நீட்டுனாரு. கூட இருந்த பிள்ளைங்கல்லாம் பாத்துச்சு. இனிமே பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதப்பான்னு சொல்லிட்டேன். வரல. பன்னெண்டாவது முடிக்கிறவரைக்கும் வரல." அவர் என்னைப் பார்த்தார். "பேரு வச்சிட்டாங்கல்ல, அதனால அப்படியே இருந்துட்டாரு போலிருக்கு. அவ்வளவு வீம்பு அவருக்கு. இதச் சொல்லத்தான் மெட்ராஸ்லேருந்து வந்தீங்களாய்யா?"

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன்.

"கேட்டுட்டீங்க. உங்களுக்குப் பாரம் இறங்கிருச்சு. எனக்குல்ல ஏறுது."

வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேனே தவிர, கேட்பவருக்கு அது என்ன ஆகும் என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. அன்று வகுப்பில் செய்ததும் இதேதான். எழுந்து போய்விட வேண்டும் என்று கால் பரபரத்தது. போகவில்லை.

முதல் தூறல் விழுந்தது. ஓடிப்போய்த் தார்ப்பாயின் மறு நுனியைப் பிடித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு செங்கல்லைத் தள்ளிவிட்டார். குவியலை மூடிவிட்டு, நிலையத்துக் கூரையடியில் ஒதுங்கினோம். அங்கே அவர் புத்தகத்தை வாங்கி முதன்முறையாகத் திறந்து பார்த்தார். வரப்பில் நிற்கும் படம். கஞ்சி குடிக்கும் படம். சிரிக்கும் படம்.

"சின்ன வயசு போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. சாவுக்கு நோட்டீஸ் அடிக்க ரேஷன் கார்டுப் படத்தத்தான் பெருசாக்குனோம். அதுல அவரு மாதிரியே இருக்காது." பிறகு கேட்டார்: "இது ஒண்ணுதான் இருக்காய்யா?"

எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் என்றேன். திருவாரூரில் அந்தப் பெண் காத்திருப்பதையும், பதினொன்றோடு இது சேர வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. முழுதாகவே நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். மனதாரச் சொன்னேனா என்று தெரியவில்லை. சொல்லும்போதே என் விரல்கள் மறுபடி அட்டையின் ஓரத்தைப் பிடித்திருந்தன.

அவர் சாக்குத் தைக்கிறவரிடம் பிளேடு வாங்கினார். ஒரு பலகையின் மேல் புத்தகத்தை விரித்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அப்பாவை மட்டும் வெட்டியெடுக்கத் தொடங்கினார். அட்டையில் இருந்தவரை மண்வெட்டியோடு எடுத்தார். சிரித்த முகத்தை எடுத்தார். எனக்கு மன்னார்குடியில் டீச்சரா ஒரு தங்கச்சி, சிங்கப்பூர்ல ஒரு தம்பி, ஆளுக்கு ஒண்ணு வேணும்ல என்றார். எல்லாருக்கும் சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. பக்கம் பக்கமாகப் போனார். அழும் படத்துக்கு வந்ததும் சற்று நின்றார். பிறகு அதையும் சுற்றி வெட்டினார், மற்றவற்றைவிட மெதுவாக. சுமைதூக்கிகள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். கைநாட்டு அக்கா என்று கூப்பிட்டவர், "யாருக்கா இது, ஆளு ஜம்முன்னு இருக்காரு" என்றார்.

"எங்கப்பா. படிச்சவரு" என்றார் மல்லிகா, தலை நிமிராமல்.

புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். "எழுத்த நீங்க வச்சுக்குங்க."

நான்கரைக்கு மழை விட்டது. மன்னார்குடி போய், அங்கிருந்து திருவாரூர். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான், இருட்டிவிட்டது. என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நான் எழுதியவை எல்லாம் அட்டை போட்டு வரிசையாக இருக்கின்றன. அவற்றில் எத்தனை பேரை நிறுத்தி வைத்து எழுதினேன் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. பேருந்து குலுங்கும்போதெல்லாம் மடியில் இருந்த புத்தகம் திறந்துகொண்டது. நான் எழுதிய எட்டு எட்டுச் சொற்கள் பேசுவதற்கு வாயில்லாமல் ஓட்டைகளுக்கு மேலே நின்றன.

ஆய்வுப் பெண் திருவாரூர்ப் பேருந்து நிலையத்துக்கே வந்திருந்தார். விளக்கடியில் பக்கங்களைப் புரட்டியவர் திகைத்துப்போய், "ஐயோ, பூச்சி அரிச்சிருச்சா சார்?" என்றார்.

"இல்லம்மா. படத்துல இருந்தவரோட மக வாங்கிக்கிட்டாங்க" என்றேன். "இதை இப்படியே ஏத்துங்க. ஒட்டாதீங்க."