தொப்பூர் தாண்டிய வண்டி

எங்கள் அம்மா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவர் கையால் காப்பி குடித்தவர்கள்.

அம்மா ஆத்தூரில் பிறந்தவர். அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். பொய் அவர் வாயில் வராது. சங்கத்துக்காரர்கள் தேடி வந்தால் அப்பா உள்ளிருந்து, "இல்லைன்னு சொல்லிடு" என்பார். "இல்லைன்னு சொல்லச் சொன்னாருங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிடுவார் அம்மா.

அப்படிப்பட்டவர் பதினொரு நாள் தொடர்ந்து பொய் சொன்னார். பக்கத்து வீட்டுப் பாவாயி அத்தை புற்றுநோயில் படுத்திருந்தார். லாரி ஓட்டப் போன அவருடைய ஒரே மகன் நாக்பூர் அருகே விபத்தில் இறந்துவிட்டான். சொந்தக்காரர்கள் யாரும் அதை அத்தையிடம் சொல்லவில்லை. "என்ற மகன் வாரானுங்களாக்கா?" என்று அத்தை அம்மாவைத்தான் கேட்டார்.

"கிளம்பிட்டான் பாவாயி. ஐதராபாத் வந்துட்டானாம்."

பிறகு கர்னூல், பெங்களூர், கிருஷ்ணகிரி என்று அம்மா சொல்லச் சொல்ல வண்டி நெருங்கி வந்தது. மத்தியான வெயில் சன்னலில் மங்கும் நேரம், அத்தை கண்ணை மூடி அந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்கும். இறந்தவன் எங்களை நோக்கி மெல்ல வந்துகொண்டே இருந்தான். எங்கள் ஊருக்கு முந்தின தொப்பூர் கணவாயை வண்டி தாண்டிய அன்று அத்தை சிரித்த முகத்தோடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு, எல்லோரும் அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போனபோது அம்மா பெஞ்சைவிட்டு எழவில்லை. அடுத்த மாதமும் எழவில்லை. போதகர் ஐயா வீட்டுக்கே வந்து கேட்டார்.

"பொய் சொன்னேங்கய்யா. அதுக்கு வருத்தமே வரமாட்டேங்குது. மனசு வருந்தாம எப்படி அப்பத்துக்குக் கை நீட்டுறது?"

"அன்பினால சொன்னதுதானுங்களேம்மா. அதுக்கு மேல ஒரு கட்டளை எனக்குத் தெரியலைங்க."

"அன்புன்னு சொல்லிக்கிட்டு ஆளாளுக்குப் பொய் சொல்லக் கிளம்பிட்டா?"

ஐயா ஜெபித்துவிட்டு எழுந்து போனார். ஆனால் அடுத்த திருவிருந்தில் அப்பத்தோடு அம்மாவின் பெஞ்சுக்கே வந்து நின்றார். அம்மா அழுதுகொண்டே கை நீட்டினார்.

கடைசி நாட்களில் அம்மா என் தம்பியைத்தான் தேடினார். அவன் ஆப்பிரிக்காவில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலையாக இருந்தான், விடுப்பு கிடைக்கவில்லை. "தம்பி வாரானா சாமி?" என்றார்.

"வந்துக்கிட்டிருக்கான்மா. தொப்பூர் தாண்டிட்டான்."

அம்மா என்னையே பார்த்தார். புரிந்துகொண்டார் என்று தெரிந்தது. என் கன்னத்தைத் தடவி, "போதும் சாமி" என்று கண்ணை மூடினார்.

துணைநின்ற மருத்துவர்களுக்கும், செவிலியருக்கும், சபையாருக்கும், குவார்ட்டர்ஸ் சொந்தங்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. சொன்ன பொய்க்கு எனக்கும் இன்னும் வருத்தம் வரவில்லை; திருவிருந்து ஞாயிறுகளில் அம்மாவின் பெஞ்சிலேயே எழாமல் உட்கார்ந்திருக்கிறேன். தம்பி, வர முடியவில்லையே என்று நீ கலங்காதே. அம்மாவுக்கு நீ வந்துவிட்டாய்.