நாற்பதாம் இலக்கத் தெருவில் பலகை பிடித்தேன்

ஒரு தெரு பழுதாய்ப் போனால் அதைக் கட்டியவனை யாரும் ஏசுவதில்லை, திருத்துகிறவனையும் ஏசுவதில்லை. பலகையோடு நடுத்தெருவில் நிற்கிறவனைத்தான் ஏசுவார்கள். கடை முகப்பிலும் கந்தோர் யன்னலிலும் நின்று, யாரோ செய்த பிழைக்குப் பேச்சு வாங்கிய அன்பர்களே, நீங்களாவது என் பக்கம் நில்லுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் மொன்றியலில் நான் அந்தப் பலகையைப் பிடித்தேன். ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'மெதுவாகப் போ'. தலைக்கு மேலே தூண்களில் ஏறி ஓடும் நாற்பதாம் இலக்கப் பெருந்தெருவில் திருத்த வேலை. கீழே பக்கத் தெருவில் நான். யாழ்ப்பாணத்தில் பதினேழு வருஷம் தெருப் போட்ட ஓவசியர் நான் என்பது என் தலைக்கவசத்தில் எழுதியிருக்கவில்லை. அந்த வேலைத்தலத்தின் நில அளவைக் குழுவுக்கு ஆள் தேவை என்று அறிந்து விண்ணப்பம் கொடுத்திருந்தேன். மட்டம் பார்க்கிற லெவல் கருவியில் திரும்பவும் ஒருமுறை கண்ணை வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

வெட்கம்

வேலைக்குச் சேர்ந்த முதற் கிழமையே ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். புவாண்ட்-கிளேரில் அவருக்கு எட்டரைக்கு வேலை. நான் 'நில்' காட்டிப் பத்து நிமிஷமாகிவிட்டது. முதலில் ஹோர்ன் அடித்தார், பிறகு கண்ணாடியை இறக்கினார், பிறகு இறங்கியே வந்துவிட்டார். நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருஷம். அறுபது வாக்கில் இந்தத் தெரு திறந்தபோது நான் அரைக் காற்சட்டையோடு வாய்ப்பாடு பாடமாக்கிக்கொண்டிருந்தவன். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல என்னிடம் பிரெஞ்சு போதாது. அவரிடம் தாராளமாக இருந்தது.

"முப்பது வருஷமாக இதைத் திருத்துகிறீர்கள். உங்களுக்கு வெட்கமில்லையா?"

கிடங்கு

சாமான் வான் ஓட்டுகிற மகேசனும் ஒருநாள் என் பலகைக்கு முன்னால் அகப்பட்டான். ஊரில் லொறி ஓட்டியவன். தெருவில் பள்ளமாய்க் கிடங்கு விழுந்தால் நேரே என் கந்தோருக்கு வந்து சத்தம் போடுவான். கல்லும் தாரும் வந்தால்தானே நான் நிரப்புவேன் என்று அன்றைக்கே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். பத்தாயிரம் மைல் தள்ளி வந்தும் அவன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் நின்ற இரண்டு வெள்ளைக்காரத் தொழிலாளிகள், என்னை யாரோ வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து அவனுக்குக் கை காட்டினார்கள்.

"ஓவசியர் ஐயா, எங்கட தெருவில கிடங்கு கிடந்த பாவத்துக்கு இப்ப வெயிலுக்க நிண்டு அனுபவியுங்கோ!"

தூண்

வில்லரே பகுதியில் தூணுக்கு எதிரே சின்ன மளிகைக்கடை வைத்திருந்த இத்தாலியக் கிழவர் ஒருவர்தான் என்னை ஒரு மனுஷனாய் மதித்துக் கதைத்தவர். அங்கே தூண் நட்டபோது அவர் இளந்தாரி. முதலாவது கார் மேலே ஏறிப்போனதைப் பார்த்துக் கை தட்டினாராம். அந்தக் காலத்து வாகனங்களுக்கு அளந்து போட்ட தெரு அது. பிறகு பாரவண்டிகள் பெருகின. மாரியில் பனி உருக்கக் கொட்டுகிற உப்பு கொங்கிறீற்றுக்குள் இறங்கி இரும்பைத் தின்றது. ஏறுகிற பாதையோ ஒரு முழ நீளம். ஏறி முடிப்பதற்குள் பக்கத்தில் லொறி வந்துவிடும். ஒரு வாகனம் நின்றுபோனால் ஒதுக்க ஓரமும் இல்லை. எங்கள் கந்தோரில் இப்படியொரு படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் விளக்கம் கேட்டே ஆளைக் கொன்றிருப்பார்கள் என்று அவரிடம் கொதித்தேன். கிழவர் எனக்குக் கோப்பியை நீட்டினார்.

"கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று அப்போது சொன்னார்கள். நான் பழகிவிட்டேன். தூணுக்குத்தான் பழகவில்லை."

நல்ல வேலை

கோயிலில் கண்ட முகம் ஒன்று. தமிழ்நாட்டுக்காரர், பெரிய பொறியியலாளர், நல்ல மனுஷர். வரிசையில் நின்ற காரிலிருந்து என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். நான் ஓவசியராக இருந்ததையும், அளவைக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டதையும், ஒரு மாதமாகப் பதிலில்லாததையும் மூச்சு விடாமல் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இவர் ஒரு வார்த்தை சொன்னால் நடந்துவிடும் என்று தலைக்கவசத்தை நேராக்கிக்கொண்டேன்.

"வெயில்ல ஏன் சார் கஷ்டப்படறீங்க? எங்க ஆபீஸ்ல கிளீனிங் சூப்பர்வைசர் நம்ம பையன்தான், ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

படித்த கண்

மழை விட்டு இரண்டு நாளாகியும் ஒரு தூண் மட்டும் ஈரமாகவே நின்றது. தூணோடு இறங்குகிற வடிகுழாய் மேலே அடைபட்டு, தண்ணீர் கொங்கிறீற்றுக்குள் போகிறது என்று பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மட்டைத் துண்டில் படம் கீறி, எங்கே அடைப்பு, எங்கே தண்ணீர் என்று அம்புக்குறி போட்டு எங்கள் வேலைத்தலத்து இளம் எஞ்சினியரிடம் கொடுத்தேன். அளவைக் குழுவுக்கு இதைவிட நல்ல விண்ணப்பம் வேறேது? அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பலகையை விட்டுவிட்டு வரக்கூடாது என்று சொல்லிவிட்டு மட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

அடுத்த கிழமை குழாயைத் திறந்தார்கள். அடைப்பு நான் அம்பு போட்ட இடத்திலேயே இருந்தது. எல்லாரையும் கூப்பிட்டு, அதே மட்டையைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு விளக்கம் கொடுத்தார் எஞ்சினியர். நானும் கூட்டத்தில் நின்று கேட்டேன்.

"இப்படியான விஷயத்தைக் கண்டுபிடிக்கப் படித்த கண் வேண்டும்."

அளவுகோல்

கடைசியில் அளவைக் குழுத் தலைவி தெருவோரத்துத் தன் கந்தோர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். தோய்த்து மினுக்கிய சட்டையோடு, பிரெஞ்சில் மொழிபெயர்த்த படிப்புப் பத்திரங்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போனேன். கட்டை அவர் அவிழ்க்கவேயில்லை. திங்கட்கிழமை முதல் குழுவில் சேரலாம் என்றார். என் கை தானாகவே லெவல் கருவிப் பக்கம் போனது. அது இங்கத்தைய பத்திரம் உள்ளவருக்காம். தூரத்தில் நெட்டையான அளவுகோலை நிமிர்த்திப் பிடிக்கிற வேலைதான் எனக்கு. ஊரில் எனக்கு அளவுகோல் பிடித்தவரிடம் நான் ஒருநாளாவது அபிப்பிராயம் கேட்டேனா என்று ஒரு நினைப்பு வந்தது. அதைப் பேந்து பார்க்கலாம், இப்போது கோபம்தான் முக்கியம் என்று தள்ளிவைத்தேன். பத்திரத்தைப் பார்க்காமல் எதை வைத்து என்னைத் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டேன்.

"இரண்டு மாதமாக இந்த யன்னலால் பார்க்கிறேன் மெஸ்யு. யார் என்ன ஏசினாலும் உம்முடைய பலகை ஒருநாளும் ஆடவில்லை."

பதினேழு வருஷம் தெருப் போட்டவனிடம் மொன்றியல் கண்டெடுத்த ஒரே தகுதி ஆடாமல் நிற்பதுதான். அந்தப் பெருந்தெருவுக்கே இல்லாத தகுதியாயிற்றே என்று என்னை நானே தேற்றிக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.