ஆவாரம்பட்டைத் தண்ணீர்

என் மகன் இப்போதெல்லாம் என்னிடம் கையை நீட்டுவதில்லை. சோறு போடப் போனால் தட்டைத்தான் நகர்த்துகிறான்.

நான் ஆம்பூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் கணவருக்கும் மகனுக்கும் ஒரே தோல் ஷாப்பில், தோல் பதனிடும் இடத்தில், வேலை. மகனுக்கு வயது இருபத்து மூன்று; அங்கே காய்ந்த தோல்களை அடுக்கும் வேலை. கல்யாணக் காலத்தில் பாண்டு செட்டில் மேளம் அடிப்பான். இடுப்போடு தொங்கும் மேளத்தை இரண்டு குச்சிகளால் அடிக்க வேண்டும். சென்ற கார்த்திகையில் அவன் உள்ளங்கைகளில் கொப்புளம் வந்து உடைந்தது. துணி சுற்றிக்கொண்டு அடித்தான். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முந்தின ஞாயிறு, சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க அவன் கையேந்தினான். இரண்டு கையிலும் கட்டு. எனக்குப் பின்னால் இருந்த சபை மூப்பரின் மனைவி என் காதருகே குனிந்தாள்.

"இன்னா டீச்சர், பையனுக்கு குஷ்டம் கிஷ்டமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டுக்கு யாரும் பெண் தரமாட்டார்கள். பண்டிகைக்குள் அந்தக் கட்டு போய்விட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் கிடந்தால் ஆட்டுத்தோல் அழுகாது, கிழியாது. தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவர்கள் கைகளும் முள் இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருக்கும். நான் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். ஒரு குடம் பட்டைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

"இன்னா டீச்சரம்மா, பையனையும் பதம் போடப் போறியா?" என்றார் கணவர். ஆனாலும் கொண்டுவந்தார்.

மகன் கையை வைத்ததும் இழுத்துக்கொண்டான். "எம்மா, எரியுது."

"எரிஞ்சாத்தான் ஆறும். வை."

மணிக்கட்டைப் பிடித்து நானே அமுக்கினேன். தினமும் மாலையில் அப்படிச் செய்தோம். சில நாளில் எரிச்சல் நின்றது. உள்ளங்கை பழுப்பேறி, செருப்பின் அடித்தோல் போல விறைத்தது. விரலால் தட்டிப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பண்டிகையன்று கட்டில்லாத கையோடு அவன் அப்பம் வாங்கியபோது திரும்பி மூப்பரின் மனைவியைப் பார்த்தேன்.

அந்த வாரமே ஒரு பாய் வீட்டுக் கல்யாண ஊர்வலம். கடைத்தெரு முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகனுடைய மேளம் பாதியில் நின்றது. ஒரு குச்சி தரையில் விழுந்தது. விரல் மடங்கும் இடமெல்லாம் வெடித்து, மேளத்தோலின் மேல் ரத்தம்.

கிளாரினெட் வாசிப்பவன் கையைப் பிடித்துப் பார்த்தான். "இன்னாடா இது, கையா கட்டாந்தரையா? இன்னாத்தடா தடவுன?"

மகன் என்னைப் பார்த்தான். பிறகு அவனிடம், "ஷாப்புல தண்ணி பட்டுச்சுடா, வுடு" என்றான்.

கை வீங்கிச் சீழ் பிடித்தது. காய்ச்சல் வந்தது. ரயிலேறி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா வெடிப்புகளை விரித்துப் பார்த்தார். சீழ் உள்ளே இறங்கினால் வலது மோதிர விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் படித்தவர்தானே? இதில் யார் என்ன போட்டார்கள்?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

மகன் தலையைத் தூக்கவில்லை. டாக்டரம்மா கேட்டது மருந்து போடுவதற்காக. அவன் விரல் போகிற நேரத்தில்கூட நான் என் மானத்தைப் பார்த்தேன். கடைசியில் அவனே சொன்னான், "ஆவாரம்பட்டைத் தண்ணி" என்று. யார் வைத்தது என்று சொல்லவில்லை.

விரல் பிழைத்தது. ஆனால் இன்றுவரை முழுதாக மடங்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் மெதுவாகக் கேட்டேன், கொப்புளம் ஏன் வந்தது என்று. அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

"பனியில மேளத்தோல் தொய்ஞ்சு பூட்சிம்மா. சத்தமே வரல. அதான் குச்சிய இறுக்கிப் புடிச்சு ஜாஸ்தி அடிச்சேன். மேளத்த நெருப்புல காட்டி, கயித்த இழுத்துக் கட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பங்குனி முடிந்ததிலிருந்து மறுபடி மேளம் அடிக்கப் போய்வருகிறான். இப்போது மேளத்தை முதலில் வைக்கோல் தீயில் காட்டி, தட்டிக் கேட்கிறான். தோள்வாருக்கு அடியில் துண்டை மடித்து வைக்கிறான். ஒரு பாட்டு முடிந்ததும் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரல்களை விரித்து மடக்குகிறான். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கழுவி, விளக்கெண்ணெயை அவனே தடவிக்கொள்கிறான். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனால் கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொள்வான்.

நேற்று இரண்டு குச்சிகளோடும் வந்து என் முன்னால் நின்றான்.

"எம்மா, மோதிர விரல் மடங்கல, குச்சி வழுக்குது. புடிக்கிற எடத்துல துணி சுத்திக் குடு. இறுக்காத."

என் பழைய புடவையில் கிழித்து ஒரு குச்சியில் சுற்றினேன். பிடித்துப் பார்த்தான். "ஜாஸ்தியாச்சு" என்று ஒரு சுற்றைப் பிரித்தான். மறுபடி பிடித்தான். அந்த விரல் மட்டும் குச்சியைத் தொடாமல் நின்றது.

அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கையை நீட்டினேன்.

அடுத்த குச்சியை எடுத்து என் கையில் வைத்தான்.