ஐந்து வீரர்களும் பாடுச் சீட்டும்

இடக்கையால் எழுதக்கூடாதென்று பிரம்பெடுத்த வாத்தியாரைப் பச்சையம்மா ஜெயித்தாள். ஏழாவதோடு படிப்பு நின்றதை ஜெயித்தாள். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு பொம்ம?" என்ற அப்பாவை, அவரையே மீசைக்கார வீரனாக வரைந்து காட்டி ஜெயித்தாள். கூரை ஒழுகி நனைந்துபோன படக்கதைப் பக்கங்கள் பன்னிரண்டையும் மறுபடி வரைந்தாள். கடைசியில் மிச்சமிருந்தது சென்னைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர்தான்.

அவள் வரைந்த கதையில் அபூர்வ சக்தி கொண்ட ஐந்து வீரர்கள். அவர்கள் ஒரே படையாகச் சேர்ந்தது எப்படி என்பதுதான் கதை. கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் வேலை பார்த்த அண்ணன் லோகநாதன் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுத் தருவான். அரை நூல் பிசகாது. தபாலில் அவன் பெயரில்தான் போகும். பெண் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே திருப்பிவிடுவார்கள் என்று பச்சையம்மாவுக்குப் பயம்.

இந்தத் தடவை ஆசிரியர் எழுதியிருந்தார்: "ஐவரும் சேர ஒரு காரணம் வேண்டும். யாராவது தலைவனாகட்டும். வியாழனுக்குள் வராவிட்டால் வேறு கதை போடுவோம்."

தலைவன் யாரென்று வீரர்களைச் சண்டை போடவிட்டுப் பார்த்தாள்.

"எவன ஜெயிக்க வெச்சாலும் மத்த நாலு பேரும் பேஜாரா நிக்கிறாங்கண்ணா."

செவ்வாய்க்கிழமை காலை பழவேற்காட்டு ஏரிக்கரையில் பாடு போட்டார்கள். எந்தத் தண்ணீரில் யார் வலை, எந்த நாளில் என்று சீட்டுக் குலுக்குவது. போன மாதம் துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்த மாரியப்பன் மாமாவும் பக்கத்து வலைக்காரர் அப்பாவுவும் சீட்டு விழுந்ததும் ஒரே நெருப்பில் பீடி பற்றவைத்தார்கள்.

"யோவ் மாமா, அன்னிக்கு மண்டைய ஒடைக்கப் போனியே!" என்றாள் பச்சையம்மா.

"அது அன்னிக்கு. சீட்டு உழுந்துச்சில்ல, அவ்ளோதான். போய் வேலையப் பாரு!"

அவள் வீட்டுக்கு ஓடிப்போய் வரைய உட்கார்ந்தாள். பூதம் துறைமுகத்தில் ஏறுகிறது. ஐவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். பூதம் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறது. கடைசியில் சீட்டு. இன்றைக்குத் தலைவன் ஒருவன், நாளைக்கு வேறொருவன். முதல் சீட்டு, கண்ணுக்குத் தெரியாததால் எல்லோரும் மறந்துபோயிருந்த மாய வீரனுக்கு விழுந்தது.

வியாழன் காலை லோகநாதன் லீவு சொல்லிவிட்டுப் பொன்னேரியில் ரயிலேறினான். சென்னையில் ஆசிரியர் படித்து முடிக்கும்வரை உட்காராமல் நின்றான். கடைசிப் பக்கத்தில் அவர் சிரித்துவிட்டார்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க."

தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். லோகநாதன் தலையாட்டவில்லை. "நான் இல்லீங்க சார். என் தங்கச்சி."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ அவங்க பேர் எங்கேய்யா? கடைசிப் பக்கத்தை எடுத்துட்டுப் போய் பேர் போட்டு வாங்கிட்டு வாங்க. அடுத்த மாசம் அச்சுக்குப் போகணும்."

ரயிலில் திரும்பும்போது லோகநாதன் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தான். இத்தனை கட்டம் போட்டவன், பெயருக்கு இடம் விடவில்லை. பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்து, கடைசிக் கட்டத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தான். பச்சையம்மா இடக்கையில் பேனாவை எடுத்தாள். அன்று 1974 ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை.